சொன்னால்தான் விடுப்பு: கரு கலைந்தவருக்குச் சட்டம் தருவதும் தராததும்

2021 மார்ச்சில் நியூசிலாந்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. கருச்சிதைவுக்கு ஆளான பெண்ணுக்கும் அவருடைய துணைக்கும் 3 நாள் சம்பளத்தோடு துக்க விடுப்பு. செய்தி சுடச்சுட பெங்களூருக்கு வந்துவிட்டது. நான் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் (ஐ.டி. வேலையில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் நிறைந்த குழு அது) ஒருவர் அதைப் போட்டு, "நம்ம ஊர்ல இதெல்லாம் எந்தக் காலத்துல வரப்போகுது" என்று எழுதினார். பத்துப் பேர் கைகூப்பினார்கள். அதில் ஒருவர் எச்.ஆரில் இருப்பவர்.

நம்ம ஊரில் அது 1961-லேயே வந்துவிட்டது. 3 நாள் இல்லை, 6 வாரம்.

மகப்பேறு நலச் சட்டம், 1961 என்றால் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 26 வார விடுப்புதான். 2017-இல் 12 வாரத்தை 26 ஆக்கியபோது பத்திரிகைகள் அதைப் பற்றி நிறையவே எழுதின. அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவை யாரும் தொடவும் இல்லை, பேசவும் இல்லை. கரு கலைந்த நாளுக்கு அடுத்து 6 வாரம், மகப்பேறு விடுப்புக்கு எந்தக் கணக்கில் சம்பளமோ அதே கணக்கில் விடுப்பு என்கிறது அந்தப் பிரிவு. மருத்துவர் மூலம் சட்டப்படி கருவைக் கலைத்துக்கொண்டவருக்கும் அதே 6 வாரம். அதன் பிறகும் உடம்பு தேறவில்லை என்றால் இன்னும் 1 மாதம் வரை கேட்கலாம், அது 10-ஆம் பிரிவு. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்கக் கூடாது. தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2020 வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறிவிட்டன, 6 வாரம் அப்படியே இருக்கிறது.

இதைவிட ஆச்சரியமானது 1961 சட்டத்தின் 4-ஆம் பிரிவு. பிரசவமோ கருச்சிதைவோ நடந்த பின் 6 வாரத்துக்கு அந்தப் பெண்ணை எந்த முதலாளியும் வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, அந்தப் பெண்ணும் எந்த நிறுவனத்திலும் வேலை செய்யக் கூடாது என்கிறது அது. அதாவது இது வேண்டுமானால் எடுத்துக்கொள்ளும் சலுகை இல்லை. அந்த ஆறு வாரத்தில் அவர் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாலே சட்ட மீறல்.

ஆனால் அந்தப் பிரிவில் ஒரு சொல் இருக்கிறது. 'தெரிந்தே' வேலைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. அவள் சொல்லவில்லை, அதனால் முதலாளிக்குத் தெரியாது என்றால் அவர்மேல் குற்றம் இல்லை. சட்டம் பிடித்துக்கொண்டு நிற்பது அவள் வாய்திறப்பதை. நம் வீடுகளிலோ முதல் பாடமே வாய்திறக்காதே என்பதுதான்.

"மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்." ஸ்ரீராமபுரமோ ஹலசூரோ விவேக்நகரோ, எந்தத் தமிழ் வீட்டிலும் இதைக் கேட்கலாம். கண்பட்டுவிடும் என்பது ஒரு காரணம், தங்குமோ தங்காதோ என்ற பயம் இன்னொன்று. தெரிய வந்த கர்ப்பங்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து கலைகின்றன என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு, அவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த முதல் மூன்று மாதத்துக்குள்தான். ஆக, யாருக்கும் சொல்லாத காலத்திலேயே வந்து, யாருக்கும் சொல்லாத காலத்திலேயே போய்விடுகிறது. கர்ப்பம் என்றே தெரியாத மேலாளரிடம் போய், கர்ப்பமாக இருந்தேன், இப்போது இல்லை என்று ஒரே மூச்சில் எப்படிச் சொல்வது? பெரும்பாலோர் வயிற்று வலி, காய்ச்சல் என்று இரண்டு நாள் சிக் லீவ் போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்துவிடுகிறார்கள்.

அதற்கு மேல் மொழி செய்யும் சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழில் 'கலைந்தது' என்றால் தானாக நடந்தது, 'கலைத்தது' என்றால் செய்தது. ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் கேட்கிறவருக்குக் குழப்பமே வராது. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த எழுத்து காணாமல் போய்விடும். தானாகக் கலைந்தாலும் மருத்துவம் அதை அபார்ஷன் என்றுதான் எழுதும். கருவின் துடிப்பு நின்றும் வெளியே வராமல் இருந்தால் மிஸ்டு அபார்ஷன். படிக்கிற மாமியாரோ எச்.ஆர். பையனோ அதை எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கன்னடத்தின் 'கர்ப்பபாத'வும் இரண்டுக்கும் பொதுவாகவே வழங்குகிறது. இந்தக் காகிதத்தை ஆபீஸில் காட்டுவதா என்று தயங்கி உள்ளே வைத்துவிடுகிறவர்கள் உண்டு.

இங்கே சட்டம் நம்மைவிடப் பெருந்தன்மையாக நடந்துகொள்கிறது என்பது என் எண்ணம். தானாகக் கலைந்ததற்கும் மருத்துவ முறையில் கலைத்ததற்கும் ஒரே 6 வாரம் என்பதால், எது நடந்தது என்று அலுவலகம் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கருக்கலைப்பு செய்துகொண்டவரின் பெயரையும் விவரத்தையும் மருத்துவர் வெளியிடக் கூடாது என்று மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தம் தனியாகவே சொல்கிறது. எச்.ஆர். படிவத்தில் 'கர்ப்ப இழப்பு' என்ற ஒரே கட்டம் போதும். அப்படி ஒரு கட்டம் வைத்த படிவத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. மென்பொருளில் சிக் லீவ் இருக்கிறது, கேஷுவல் லீவ் இருக்கிறது, மெட்டர்னிட்டி லீவ் இருக்கிறது. மெட்டர்னிட்டியைத் தொட்டால் குழந்தை பிறக்கும் தேதியைக் கேட்கிறது.

சரி, ஐ.டி. பெண்களை விடுங்கள். பீன்யா, பொம்மனஹள்ளி, மைசூர் ரோடு பக்கம் 'கார்மெண்ட்ஸுக்கு' போகிற பெண்களுக்குப் பணம் வரும் வழியே வேறு. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் அவர்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் அவர்களிடமிருந்தும் 3.25 சதவீதம் கம்பெனியிடமிருந்தும் போகிறது. கருச்சிதைவுக்கு 6 வாரப் பணத்தைத் தருவது ஈ.எஸ்.ஐ., கம்பெனி இல்லை. நாள் சம்பளத்தின் சராசரி முழுதாகக் கிடைக்கும். ஆகவே சூப்பர்வைசர் 'கம்பெனிக்கு நஷ்டம்' என்று முகம் சுளிக்க நியாயம் இல்லை. ஆனால் லைனில் ஒரு மிஷின் காலியாக இருந்தால் அன்றைய டார்கெட் இடிக்கும், அவருக்கு வலிப்பது அங்கேதான்.

6 வாரம் என்றால் எத்தனை நாள் சம்பளம்? ஞாயிறைக் கழித்தால் 36, சேர்த்தால் 42. இந்தச் சண்டையை ஏற்கெனவே ஒரு தமிழ்நாட்டுத் தோட்டத் தொழிலாளி நமக்காகப் போட்டு முடித்திருக்கிறார். கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் தொடங்கிய அவருடைய மகப்பேறு வழக்கில், வாரம் என்றால் ஞாயிறும் சேர்ந்த 7 நாள் என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 42 நாளுக்கு 21,000. விடுதி வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் இருக்கிற பெண்ணுக்கு இது சின்னத் தொகை இல்லை.

இடிக்கிற இடம் தகுதி விதி. அதற்கு முந்தைய இரண்டு சந்தாக் காலங்களில் குறைந்தது 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஒரு சந்தாக் காலம் 6 மாதம். கார்மெண்ட்ஸில் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குத் தாவுவதும், நடுவில் ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வருவதும் சாதாரணம். புதிதாக வேலைக்குச் சேர்ந்து நாலாவது மாதத்தில் கரு கலைந்தவருக்குப் பணம் இல்லை. அப்புறம் காகிதம். ஈ.எஸ்.ஐ. மருத்துவர் எழுதித் தர வேண்டும். ஆறாவது வாரத்தில் வீட்டிலேயே கலைந்து, ஸ்கேனே எடுக்காத பெண்ணிடம் என்ன இருக்கும்? இரண்டு கோடு காட்டிய பிளாஸ்டிக் பட்டை, அதையும் யாருக்கும் தெரியாமல் குப்பையில் போட்டிருப்பார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெண்கள் வேலை செய்யும் ஒவ்வொரு பகுதியிலும் சட்டத்தின் சுருக்கத்தை அந்த வட்டாரத்தின் 'மொழியில் அல்லது மொழிகளில்' எழுதி மாட்ட வேண்டும் என்பது 1961 சட்டத்தின் 19-ஆம் பிரிவு. பெங்களூரில் மாட்டியிருந்தால் அது கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கும். திருவண்ணாமலையிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து லைனில் உட்காரும் பெண்ணுக்குக் கன்னடம் பேச வந்துவிடும், படிக்க வராது. 'மொழிகள்' என்று பன்மையில் எழுதியவர்கள் எதையோ யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தால் கணக்கு முற்றிலும் வேறு, இதுவும் பலருக்குத் தெரியாது. 1961 சட்டத்தின்படி கருச்சிதைவு என்பது 26-ஆம் வாரம் முடியும் வரை நடப்பது. அதற்குப் பிறகு என்றால் அது பிரசவம். 'குழந்தை' என்ற சொல்லில் இறந்து பிறந்த குழந்தையும் அடங்கும் என்று சட்டம் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஆகவே முழு மகப்பேறு விடுப்பும் உண்டு. "குழந்தைதான் இல்லையே, எதுக்கு ஆறு மாசம்" என்று கேட்கும் மேலாளர்களுக்குச் சட்டத்தின் பதில் இது: அது அவள் உடம்புக்கும்தான். பால் சுரக்கும். கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். குடிக்கப் பிள்ளை இல்லாத மார்பில் பால் வரும் என்று முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பும் வார்டு எத்தனை இருக்கும்? பக்கத்துக் கட்டில் பாட்டி சொன்னால்தான் உண்டு.

மத்திய அரசு ஊழியருக்கு விதி வேறு, இங்கே அரசாங்கம் தனியாரைவிடக் கஞ்சம். கருச்சிதைவுக்கு 45 நாள். கேட்க 6 வாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அந்த 45 நாள் ஒரு முறைக்கு இல்லை, பணிக்காலம் முழுமைக்கும் சேர்த்து. முதல் முறை 30 நாள் எடுத்தவருக்கு இரண்டாம் முறை 15 நாள்தான் மிச்சம். மூன்றாம் முறை என்றால் சொந்த விடுப்பைச் செலவழிக்க வேண்டியதுதான். அடுத்தடுத்துக் கலைவதுதான் சிலருடைய நோயே. அவர்களுக்குப் போய் ஆயுள் கோட்டா வைத்தது யார் யோசனையோ. இறந்து பிறந்த குழந்தைக்கும், பிறந்து 28 நாளுக்குள் இறந்த குழந்தைக்கும் 60 நாள் சிறப்பு விடுப்பு என்று 2022 செப்டம்பரில்தான் ஆணை வந்தது, அதிலும் 28 வாரம் நிறைந்திருக்க வேண்டும். இரண்டு விதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 27-ஆம் வாரத்தில் குழந்தையை இழந்த இரண்டு பெண்களில், தனியார் கம்பெனியில் இருப்பவருக்கு 26 வாரம். மத்திய அரசு அலுவலகத்தில் இருப்பவருக்கு ஆயுள் கோட்டாவில் மிச்சம் இருக்கிற நாள்.

வாரக் கணக்கு விடுப்போடு நிற்பதில்லை, உடலை என்ன செய்வது என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது. 28 வாரம் நிறைந்து இறந்து பிறந்தால் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி தனிப் படிவத்தில் பதிவாகும். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டத்தில் அது 'பிறப்பு', 'இறப்பு' இல்லை, ஏனென்றால் உயிரோடு பிறந்த பின் நிகழ்வதுதான் அங்கே இறப்பு. இன்னொரு பக்கம், வெளியே பிழைக்கும் அளவுக்கு வளராத கரு 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளில் மஞ்சள் பைக்குள் வருகிறது. உடல் திசுக்கள், உறுப்புகள் என்ற வரிசையில் அதுவும் ஒன்று. தொற்று பரவாமல் இருக்க எழுதிய விதி, அதில் தப்புக் காண முடியாது. ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமா, இங்கேயே அடக்கம் செய்ய வேண்டுமா, பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் பையை எடுக்கலாம். பார்க்கவே வேண்டாம் என்று சொல்லும் அம்மாக்களும் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு மருத்துவமனைக்குச் செலவு ஒன்றும் இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் முதலாளி என்று ஒருவர் இருக்கிறவர்களுக்கு. ஈஜிபுராவிலிருந்து கோரமங்களா அபார்ட்மெண்டுகளுக்கு நாலு வீட்டு வேலைக்குப் போகிற அக்காவுக்கு, நாலு மேடம் உண்டு, சட்டப்படி முதலாளி இல்லை. வீடு என்பது நிறுவனம் ஆகாது, 6 வாரம் அவரைத் தொடாது. மூன்று நாள் வராவிட்டால் நாலில் ஒரு வீட்டில் வேறு ஆள் வந்திருக்கும்.

தமிழ்நாட்டில் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களின் உதவிப் பட்டியலில் மகப்பேறுக்குப் பக்கத்திலேயே கருச்சிதைவுக்கு 3,000 ரூபாய் என்று ஒரு வரி இருக்கிறது, வீட்டு வேலை செய்பவர்களின் வாரியத்திலும்தான். 3,000 ரூபாய் இன்றைக்கு என்னத்துக்கு ஆகும் என்று கேட்கலாம். ஒரு வார வீட்டுச் செலவுக்கு ஆகும். அதைவிட, இப்படி நடந்தால் உதவி தேவை என்று ஓர் அரசு காகிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அது அங்கே வேலை செய்கிறவர்களுக்கு. ஓசூரைத் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திபெலே வந்தால் அந்த வரி முடிந்துவிடுகிறது. வேலை ஒரு மாநிலத்தில், ரேஷன் கார்டு இன்னொரு மாநிலத்தில் என்று வாழ்கிற பெண் எங்கே போய்க் கேட்பார்?

கர்நாடகப் பக்கத்தில் கர்ப்பிணிகளுக்குத் தாயி கார்டு உண்டு, ஆஷா என்ற சுகாதாரப் பணியாளர் வருவார், அங்கன்வாடியில் மாத்ருபூர்ணா திட்டத்தில் மதியச் சாப்பாடு உண்டு. எல்லாம் நல்ல திட்டங்கள். ஆனால் அவற்றின் பட்டியலில் இருப்பது இரண்டே வகைப் பெண்கள்: கர்ப்பிணி, பாலூட்டும் தாய். நேற்று வரை கர்ப்பிணி, இன்றைக்குக் கையில் குழந்தை இல்லை என்றால் இரண்டிலும் இல்லை. இரத்தம் போய் உடம்பு வெளிறிக் கிடக்கும்போதுதான் அந்த முட்டையும் கீரையும் அவளுக்கு அதிகமாகத் தேவை. குழந்தை பிறந்தால் ஆஷா 42 நாள் வரை வரிசையாக வீட்டுக்கு வந்து பார்க்க அட்டவணை இருக்கிறது. அது பச்சிளங்குழந்தைக்கான அட்டவணை. குழந்தை இல்லாவிட்டால் கதவைத் தட்ட யாருக்கும் வேலை இல்லை.

மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டமும் இதே அச்சில் வார்த்ததுதான். முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய், தவணையாக. நடுவில் கரு கலைந்தால், வாங்காத தவணையை அடுத்த கர்ப்பத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று 2017-இல் விதி வைத்தார்கள். பிறகு 2022-இல் அதைத் தளர்த்தி, அடுத்த முறை புதிய பயனாளியாகவே சேரலாம் என்றார்கள். முன்னேற்றம்தான். இருந்தாலும் கவனியுங்கள், பணம் காத்திருப்பது அடுத்த கர்ப்பத்துக்காக. "அடுத்தது சீக்கிரம் நல்லபடியா ஆகும், கவலைப்படாதே" என்று உறவுக்காரர்கள் சொல்வதையே அரசும் ஆணையாக எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கிறது.

அப்பாக்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை, ஏனென்றால் சட்டத்திலும் இல்லை. தனியார் துறையில் பிரசவத்துக்கே தந்தைக்கு விடுப்பு தரும் மத்தியச் சட்டம் கிடையாது. நியூசிலாந்தின் 3 நாள் நம்மைவிட ஒரு படி மேலே நிற்பது இந்த ஓர் இடத்தில்தான், அது இருவருக்கும் பொது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று மாலையே ஷிஃப்டுக்குப் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவரை எனக்குத் தெரியும். வண்டி ஓடினால்தானே மருந்துக்குக் காசு. மனசுக்கு என்று பார்த்தால், 2022 அக்டோபரில் தொடங்கிய டெலிமானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் இலவச எண் 14416 இருக்கிறது. தமிழில் பேசலாம், ஆண்களும் பேசலாம். அதற்குத் தலைமை நிறுவனமாக இருப்பது நம் பெங்களூரின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ்தான்.

என்ன மாற வேண்டும் என்று கேட்டால், நான் புதிய சட்டத்தைக் கேட்க மாட்டேன். 2025 அக்டோபரில் கர்நாடக அமைச்சரவை மாதவிடாய்க்கு ஆண்டுக்கு 12 நாள் சம்பள விடுப்பு என்று முடிவெடுத்தபோது பெண்கள் பலர் கேட்டது, "அதைச் சூப்பர்வைசர் கிட்ட யார் போய்ச் சொல்றது" என்பதுதான். இங்கேயும் அதே கேள்வி, இன்னும் கனமாக. ஆகவே சொல்கிற வேலையை அவள் தலையிலிருந்து இறக்க வேண்டும். அதற்குச் சரியான இடம் மருத்துவமனை. டி அண்டு சி (கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சை) முடிந்து வெளியே வரும்போது தருகிற தாளில் இரும்பு மாத்திரை, ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரவும் என்றெல்லாம் எழுதுகிறார்கள். அதன் கீழே 'சட்டப்படி இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை 6 வாரம் வேலை செய்யக் கூடாது' என்று ஒரு வரி அச்சாகட்டும், காரணம் எழுதாமல். கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும். தமிழ்நாட்டு நல வாரியத்தில் பெயர் இருக்கிறவருக்கு, எந்த மாநிலத்தில் கரு கலைந்தாலும் அந்தத் தாளே போதும் என்று இரண்டு அரசுகளும் ஒத்துக்கொள்ளலாம். அங்கன்வாடிப் பட்டியலில் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்ப்பது ஒரு சுற்றறிக்கை வேலை.

இப்போதே தேவைப்படுகிறவர்களுக்கு: மருத்துவரிடம் கலைந்த தேதியையும் எத்தனையாவது வாரம் என்பதையும் தெளிவாக எழுதி, முத்திரையோடு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் தாளையும் போனில் படம் எடுத்து வையுங்கள். ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் முதலில் ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போங்கள், தனியார் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தாலும் அந்தக் காகிதங்களோடு போங்கள். ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் எச்.ஆருக்கு மெயிலில் எழுதுங்கள், வாயால் சொல்லி விட்டுவிடாதீர்கள். மெயில் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர்கள் உங்களை வேலைக்கு வரச் சொல்வது தெரிந்தே சொல்வதாகும்.